சீலிங் லைட்டை நாமே மாற்றலாமா? டர்பன் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆரம்பிக்கும். "அண்ணா, புது லைட் ஒண்ணு வாங்கிட்டேன், ஹாலில் மாட்டணும், ரெண்டு வயர்தானே?" என்று போட்டோவோடு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். புரட்டாசி விரதம் முடிந்து வீட்டைத் துடைக்கிற நேரத்தில்தான் பழைய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் கிடக்கும் ஈசலும் காய்ந்துபோன பல்லியும் எல்லோர் கண்ணிலும் படுகிறது போலிருக்கிறது. நான் திருச்சிக்காரன், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து 15 வருஷம் ஆகிறது, ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை. வீட்டு வயரிங்குக்குப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் நான் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பதிலை வருஷா வருஷம் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைக்கிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே பல்பைக் குளோப் என்பார்கள், நாம் ஃபேஸ் என்பதை லைவ் என்பார்கள், பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியை டிபி என்பார்கள். இனி நானும் அப்படியேதான் எழுதுவேன்.

இதை நானே செய்ய சட்டத்தில் இடம் உண்டா?

தென்னாப்பிரிக்காவில் வீட்டு மின்வேலைக்கு 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகள் இருக்கின்றன, அவை 1993ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. வேலையின் தரத்துக்கு சான்ஸ் 10142-1 என்ற விதித்தொகுப்பு. புதிதாக ஒரு பாயிண்ட் போடுவது, இருக்கிற பாயிண்டை நகர்த்துவது, வயர் இழுப்பது, டிபிக்குள் கை வைப்பது எல்லாம் பதிவு பெற்றவர் செய்து, சிஓசி என்ற சான்றிதழ் கொடுக்க வேண்டிய வேலை. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. ஏற்கெனவே இருக்கும் பாயிண்டில் பழைய ஃபிட்டிங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றை மாட்டுவது, அவ்வளவுதான். அதிலும் கொஞ்சம் தயக்கம் இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டு மின்இணைப்புகள் பாதுகாப்பாக இருப்பதற்கு அதை உபயோகிப்பவர் அல்லது வாடகைக்கு விட்டவர்தான் பொறுப்பு. வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்காமல் தொடாதீர்கள். சொந்த வீடு என்றால் இன்னொன்று: வீட்டை விற்கும்போது இரண்டு வருஷத்துக்கு மேல் பழசாகாத சிஓசி வேண்டும், அப்போது சோதிக்க வருகிறவர் சீலிங்கில் நீங்கள் செய்து வைத்திருக்கிற டேப் சுற்றிய முடிச்சைக் கண்டுபிடித்துவிடுவார்.

சுவரில் சுவிட்சை அணைத்தால் போதாதா? லைட் அணைந்துவிடுகிறதே!

போதாது. எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதல் இடம், பயமும் இதில்தான் அதிகம். இங்கே பல வீடுகளில் டிபியிலிருந்து வரும் லைவ் வயர் நேராக சீலிங் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை சுவிட்சுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறி குளோப்புக்குப் போகிறது. அங்கிருந்தே அடுத்த அறைக்கும் இன்னொரு கிளை ஓடும். சுவிட்சை அணைத்தால் குளோப்புக்குப் போகும் துண்டில் மட்டும்தான் கரண்ட் நிற்கும். அதே பெட்டியில், ஒரு அங்குலம் தள்ளி, 230 வோல்ட் சும்மா உட்கார்ந்திருக்கும்.

போதாக்குறைக்கு, சில பழைய வீடுகளில் யாரோ சுவிட்சை லைவில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். லைட் அழகாக அணையும், எரியும், ஒரு குறையும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டர் முழுக்க லைவ்.

சரி, டிபியில் எதை அணைப்பது? பெயர் எழுதினதெல்லாம் அழிந்துபோய்விட்டது.

எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டு டிபியில் 'லைட்ஸ் 2' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்த பிரேக்கர் கராஜ் கதவுக்குப் போனது, முன்பு இருந்தவர்கள் எந்தக் காலத்தில் மாற்றினார்களோ. லைட் பிரேக்கர் பொதுவாக 10 ஆம்பியர் இருக்கும், பிளக் பிரேக்கர் 20. அதை வைத்து ஒரு குத்துமதிப்புக்கு வரலாம், முடிவுக்கு வரக் கூடாது.

கழற்றப்போகிற லைட்டை எரியவிடுங்கள். குளோப் ஃபியூஸ் என்றால் முதலில் நல்ல குளோப் ஒன்றைப் போட்டு எரியவிடுங்கள், எரியாத லைட்டை வைத்துக்கொண்டு எந்த பிரேக்கர் என்று தேட முடியாது. ஒருவர் லைட்டுக்குக் கீழே நிற்கட்டும், நீங்கள் ஒவ்வொரு பிரேக்கராக இறக்குங்கள். அணைந்ததும் கத்தச் சொல்லுங்கள். பிரேக்கர் தெரிந்த பிறகு அதோடு நிறுத்தாமல் மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. லைட் பிரேக்கர் லைவை மட்டும் வெட்டும், நியூட்ரல் டிபியில் மற்ற நியூட்ரல்களோடு சேர்ந்தேதான் இருக்கும். பழைய வயரிங்கில் ஒரு லைட் சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொரு சர்க்யூட்டும் கடன் வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மேலே அந்தக் கறுப்பு வயரைப் பிரிக்கும் நொடியில் அடுத்த அறை லைட் வழியாக வந்த கரண்ட் அதன் முனையில் நிற்கும். மெயினை இறக்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஃபிரிட்ஜ் அரை மணி நேரம் நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்புறம், இறக்கிய பிரேக்கர் மேல் டேப் ஒட்டி 'தொடாதே, மேலே ஆள் வேலை செய்கிறார்' என்று எழுதி வையுங்கள். தமிழில் எழுதினால் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் எழுதுங்கள். டிவி நின்றுவிட்டதே என்று மாமனார் எழுந்து போய் டிபியைத் தூக்கிவிட்ட கதை எனக்கு நேரில் தெரியும்.

எர்த் லீக்கேஜ் இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகாதா?

எர்த் லீக்கேஜ் என்பது கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் டிபி சுவிட்ச், உங்கள் வீட்டில் அது காப்பாற்றுவது பிளக் சர்க்யூட்டுகளை. 30 மில்லிஆம்பியர் கசிந்தால் வெட்டிவிடும், நல்ல சாமான்தான். ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகளில் லைட் சர்க்யூட் எர்த் லீக்கேஜ் வழியாகப் போவதே இல்லை. லைட்டுக்கு இருப்பது வெறும் 10 ஆம்பியர் பிரேக்கர். மனித உடம்பில் 0.03 ஆம்பியர் போனாலே ஆபத்து, பிரேக்கரோ 10 ஆம்பியரைத் தாண்டும்வரை அசையாது. அது வயர் எரியாமல் இருக்க வைத்தது, உங்களுக்காக வைத்தது இல்லை.

லோட்ஷெடிங் நேரத்தில் செய்துவிடலாமா? எப்படியும் கரண்ட் இல்லையே.

வேண்டவே வேண்டாம். அட்டவணையில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் முன்னாடியே வந்துவிடும், வரும்போது சொல்லிக்கொண்டு வராது. 2023இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டு ஓடிய நாட்களில் இந்த யோசனையை எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். இப்போது தெருவுக்கே கரண்ட் போகிற நாட்களும் அப்படித்தான். பிரீபெய்ட் மீட்டரில் யூனிட் தீர்ந்திருக்கிறது என்பதும் இதே கதை. அடுத்த அறையில் உங்கள் மகள் போனிலேயே யூனிட் வாங்கி நம்பரைத் தட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? கரண்ட் இருக்கிற நாளில், நீங்களே அணைத்து, நீங்களே சோதித்துச் செய்வதுதான் வழி.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கிறது. மெயினை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும்தானே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டிக்கொண்டவன் நான்.

2023 தீபாவளிக்கு முன்னால், நடைவழி லைட்டை மாற்றலாம் என்று ஏணி வைத்தேன். அதற்குச் சில மாதம் முன்புதான் இன்வெர்ட்டர் போட்டிருந்தோம். மெயினை இறக்கினேன், சுவர் சுவிட்சையும் அணைத்தேன், லைட் எரியவில்லை, ஏறிவிட்டேன். தொழிற்சாலையில் பூட்டுப் போட்டுச் சீட்டு மாட்டாமல் ஒரு பேனலையும் திறக்காதவன், வீட்டில் டெஸ்டரை மேஜை டிராயரிலேயே விட்டுவிட்டு ஏறினேன். கிண்ணத்தைக் கழற்றினேன், கனெக்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். சிவப்பு வயரை இழுக்கும்போது விரல் நுனியிலிருந்து முழங்கை வரை யாரோ இரும்புக் கம்பியால் அடித்த மாதிரி ஒரு வெட்டு. மர ஏணி, ரப்பர் செருப்பு, ஒரு கை மட்டும் மேலே. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இறங்கி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்: புத்தக அலமாரி மேல் வைஃபை ரவுட்டரின் பச்சை விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. மெயின் இறங்கியிருக்கும்போது ரவுட்டருக்கு எங்கிருந்து கரண்ட்? ஏறுவதற்கு முன் அதே அலமாரியைத் தாண்டித்தான் நடந்து வந்தேன்.

நடந்தது இதுதான். மெயினை இறக்கினால் இன்வெர்ட்டரின் கண்ணுக்கு அது கரண்ட் போனது மாதிரி. சில பத்து மில்லிவினாடிக்குள் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும், லைட் சிமிட்டக்கூடச் சிமிட்டாது. இன்வெர்ட்டர் போடும்போது முக்கியமான சர்க்யூட்டுகள் என்று பிரித்துத் தனி டிபிக்கு மாற்றுவார்கள், அதில் முதலில் போவதே லைட்டுகள்தான். அதாவது இந்த மாதிரி வீடுகளில் மெயினை இறக்குவதால் நின்றுபோவது கீசரும் அடுப்பும். சீலிங்கில் கரண்ட் இருக்கும்.

ஆகவே இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்கும் சின்ன டிபியைத் தேடி, அதில் லைட் பிரேக்கரையும், அந்த டிபிக்கு வரும் மெயின் பிரேக்கரையும் இறக்குங்கள். சிலர் வீட்டில் இன்வெர்ட்டருக்கு பைபாஸ் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதைத் திருப்பினால் இன்வெர்ட்டரைத் தாண்டி நகராட்சிக் கரண்ட் நேராக லைட்டுக்கு வரும், அதை 'ஆஃப்' என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். வெளியே அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அங்கே தனி பிரேக்கர், சில சமயம் தனி டிபியே இருக்கும். பொதுச் சுவரை ஒட்டின லைட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்காமல் தொடக் கூடாது.

அப்படியென்றால் கரண்ட் இல்லை என்று எப்படித்தான் உறுதி செய்வது? டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் போதுமா?

நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் அந்த நியான் டெஸ்டர் எனக்குப் பிடிக்காது. அது எரிவதற்கு உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் போக வேண்டும். ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் போகிற கரண்ட் ரொம்பக் குறைவு, பகல் வெளிச்சத்தில் நியான் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. 'எரியவில்லை, அதனால் கரண்ட் இல்லை' என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டர் முதல் சோதனைக்கு வசதி. ஆனால் பேட்டரி தீர்ந்தால் ஊமை, எர்த் ஆன உலோகப் பைப்புக்குள் ஓடும் வயரை அதற்குத் தெரியாது, பக்கத்து வயரைப் பார்த்துச் சும்மா கத்தவும் செய்யும்.

வாங்குவதென்றால் இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டர் ஒன்று வாங்குங்கள், இரண்டு புரோப், நடுவில் ஒரு வயர், எல்இடியில் 12, 24, 50, 120, 230 என்று காட்டும். மல்டிமீட்டரும் ஆகும், ஆனால் அதில் புரோப் வயர் ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் டமால் என்று ஷார்ட் ஆகிவிடும், தவிர எங்கும் சேராமல் தொங்கும் வயரில்கூடப் பக்கத்து வயரின் தூண்டலால் 60, 70 வோல்ட் என்று காட்டிக் குழப்பும்.

எந்த டெஸ்டர் ஆனாலும் முறை ஒன்றுதான். முதலில் கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு அணைத்துவிட்டு, வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள்: லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு வயருக்கும். சுவர் சுவிட்சைப் போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை. கடைசியாகத் திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்று பாருங்கள். மெயின் இறங்கியிருந்தால் கரண்ட் உள்ள இடம் எது என்று கேட்பீர்கள். கார் பேட்டரி இருக்கிறதே, இரண்டு முனை டெஸ்டரில் 12 வோல்ட் விளக்கு எரிந்தால் சரி.

மூடியைத் திறந்தால் இரண்டு வயர் இல்லை, ஏழு இருக்கிறது. எல்லாம் சிவப்பும் கறுப்பும்.

முதலில் போட்டோ. எதையும் பிரிக்கும் முன்பு, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கோணத்தில். பிறகு எந்த வயர் எந்த வயரோடு ஒரே ஸ்க்ரூவில் இருந்தது என்று டேப் துண்டில் எழுதி வயரிலேயே ஒட்டுங்கள்.

இங்கே சுவருக்குள் ஓடும் வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை-மஞ்சள் அல்லது உறையே இல்லாத வெறும் செம்பு எர்த். புது ஃபிட்டிங்கிலிருந்து தொங்கும் மெல்லிய வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஊரில் மூன்று ஃபேஸ் வேலை பார்த்தவர்களுக்கு நீலம் என்றால் ஒரு ஃபேஸ், இந்த ஃபிட்டிங்கில் அது நியூட்ரல். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் நிறத்தை வைத்து சீலிங்கில் சத்தியம் செய்ய முடியாது. சுவிட்சுக்கு இறங்கும் கேபிளிலும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டே வயர்தான் இருக்கும். ஒன்று லைவைக் கீழே கொண்டுபோகும், மற்றொன்று சுவிட்ச் போட்டதும் லைவாகி மேலே திரும்பும். அந்தத் திரும்புகிற வயர் கறுப்பாக இருந்தால், அது வேஷம் போட்ட லைவ். அதன்மேல் சிவப்பு டேப் சுற்றியிருக்க வேண்டும், யாரும் சுற்றியிருக்க மாட்டார்கள். கறுப்பெல்லாம் நியூட்ரல் என்று எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கினால், சுவிட்சைப் போட்டதும் நேர் ஷார்ட்.

எனவே பழைய ஃபிட்டிங்குக்குள் போன இரண்டு வயர்களை மட்டும் பாருங்கள். புதுசுக்கும் அந்த இரண்டும் எர்த்தும்தான் வேண்டும். மூன்று சிவப்பு ஒன்றாக ஒரு கனெக்டரில் இருந்து, அதிலிருந்து எதுவும் ஃபிட்டிங்குக்குப் போகவில்லை என்றால், அது அடுத்த அறைக்கும் சுவிட்சுக்கும் போகிற சந்திப்பு, அதைப் பிரிக்காதீர்கள். திருகு குளோப் ஹோல்டர் என்றால் லைவ் நடு முனைக்கு, நியூட்ரல் திருகுச் சுற்றுக்கு. மாற்றிக் கொடுத்தால் குளோப் மாற்றும்போது விரல் படுகிற இடம் லைவாக இருக்கும்.

வயரை வளைக்கும்போது உறை பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வருஷக்கணக்கில் 100 வாட் குளோப் சூட்டில் வெந்த வயர் அப்படி ஆகும், ரொம்பப் பழைய வீடாக இருந்தால் ரப்பர் உறை வயராகவும் இருக்கலாம். டேப் சுற்றிச் சமாளிக்கிற விஷயம் இல்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

புது லைட்டில் எர்த் வயர் மாட்ட இடமே இல்லை. வெட்டி விட்டுவிடலாமா?

வெட்டக் கூடாது. ஃபிட்டிங்கில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. அப்போதும் சீலிங்கிலிருந்து வரும் எர்த்தைத் தனி கனெக்டரில் மூடி உள்ளே மடக்கி வையுங்கள், நாளைக்கு உலோக லைட் மாட்டுகிறவருக்கு வேண்டும். எர்த் முனை உள்ள உலோக ஃபிட்டிங் வாங்கிவிட்டீர்கள், ஆனால் சீலிங்கில் எர்த் வயரே இல்லை என்றால், அந்த லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரட்டைக் காப்பு லைட்டாக வாங்குங்கள், அல்லது எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுங்கள்.

வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? ஊரில் அப்படித்தான்...

ஊரிலும் அது தப்புதான். கனெக்டர் வையுங்கள், ஸ்க்ரூ கனெக்டரோ நெம்புகோல் வைத்த வகையோ. 10 மில்லிமீட்டர் அளவுக்கு உறையைச் சீவுங்கள், செம்பில் கீறல் விழாமல். உள்ளே போன பிறகு வெளியே செம்பு தெரியக் கூடாது. ஃபிட்டிங்கின் மெல்லிய இழை வயரை முறுக்கி இரண்டாக மடித்து நுழைத்தால் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள், கையோடு வருகிற வயர் இப்போதே வரட்டும். தளர்ந்த இணைப்பு உடனே எரியாது, மாதக்கணக்கில் சூடாகிச் சூடாகிக் கருகும், நடுவில் லைட் லேசாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும், நாம் குளோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பெரிய கண்ணாடித் தொங்கல் லைட் வாங்கியிருக்கிறேன். சீலிங் தாங்குமா?

சீலிங் போர்டு தாங்காது. இங்கே சாதாரண ரைனோ போர்டு 6.4 மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு மேலே குறுக்கே மரச்சட்டம் ஓடும், பிராண்டரிங் என்பார்கள், ஃபிட்டிங் ஸ்க்ரூ அந்த மரத்தில் இறங்க வேண்டும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கிற இடம் மரம். லைட் நடுவில் வர வேண்டிய இடத்தில் மரம் இல்லையென்றால் கூரைக்குள் ஏறி இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்து அடிக்க வேண்டும். சின்ன எல்இடித் தட்டு லைட்டுக்கு, போர்டுக்கு மேலே இறக்கை விரித்துப் பிடிக்கும் பட்டாம்பூச்சி ஸ்க்ரூ போதும். எது ஆனாலும் எடையை வயர் தாங்கக் கூடாது. மாட்டும்போது லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வயர் கொடுக்க முயலாதீர்கள், ஒரு துண்டு கம்பியில் கொக்கி செய்து தற்காலிகமாகத் தொங்கவிடுங்கள்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நகராட்சி கட்டிய பழைய கவுன்சில் வீடுகளில் இருப்பவர்களுக்கு: கூரைத் தகடு மட்டுமில்லை, சீலிங் பலகையும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். 2008இல் இந்த நாட்டில் அதைத் தடை செய்துவிட்டார்கள், ஏற்கெனவே அடித்தது அப்படியே இருக்கிறது. சும்மா இருக்கும்வரை அதனால் தொல்லை குறைவு, டிரில் போட்டுத் தூசி கிளப்பினால்தான் வினை. பழைய ஸ்க்ரூ ஓட்டைகளுக்குப் பொருந்துகிற ஃபிட்டிங்காக வாங்குங்கள், புதிதாகத் துளைக்காதீர்கள்.

ஏணி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி?

விசேஷத்துக்கு அடுக்கி வைக்கிற வெள்ளை நாற்காலிதானே? அதன் கால் டைல்ஸில் எப்படி விரியும் என்று பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டில் ஏணி கடன் கேளுங்கள், மரம் அல்லது ஃபைபர், அலுமினியம் வேண்டாம். சின்னதாக ஒரு அதிர்ச்சி அடித்தாலும் ஆளைக் கொல்வது பல சமயம் கரண்ட் இல்லை, மேலேயிருந்து கீழே விழுவதுதான். காலையில் செய்யுங்கள், ஏனென்றால் லைட்டை அணைத்துவிட்டுத்தான் லைட் வேலை.

குளியலறைக்கும் வராந்தாவுக்கும் அதே லைட் போடலாமா?

குளியலறைக்கு ஐபி44 என்று போட்டது எடுங்கள், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். வராந்தாவுக்கு, அதிலும் மெரிபேங்க், புளஃப் மாதிரி கடல் காற்று வருகிற இடங்களில், விலை மலிவான இரும்பு ஃபிட்டிங் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற முடியாமல் போகும், பிளாஸ்டிக் உடம்பே மேல். ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்தால் பூச்சியும் வராது, பூச்சியைத் தேடிப் பல்லியும் வராது.

மாட்டியாச்சு. சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது, பேயா?

இரண்டு காரணம். சுவிட்சிலேயே சின்ன விளக்கு இருந்தாலோ, வயர் நீளமாகப் பக்கம் பக்கமாக ஓடினாலோ, கொஞ்சூண்டு கரண்ட் கசிந்து எல்இடியை மினுக்கும், அதனால் ஆபத்தில்லை. மற்றது நான் மேலே சொன்னது: சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஃபிட்டிங்கின் லைவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 காட்டினால் அதுதான், எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

சிமிட்டினால் டிம்மர் இருக்கிறதா பாருங்கள், பழைய டிம்மர்கள் 60 வாட் குளோப்புக்குச் செய்தவை, 9 வாட் எல்இடி அதற்குப் பத்தாது. சுவிட்சைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள், எடுத்த போட்டோவைப் பாருங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால்?

ஆளைத் தொடாதீர்கள். முதலில் டிபியை அணையுங்கள், இன்வெர்ட்டர் வீடு என்றால் அதையும். அணைக்க முடியவில்லை என்றால் காய்ந்த மரக்கட்டை, துடைப்பக் கம்பு மாதிரி எதையாவது வைத்து வயரைத் தள்ளுங்கள். ஆம்புலன்சுக்கு 10177, செல்போனிலிருந்து 112. மூச்சு இல்லையென்றால் நெஞ்சு நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், உதவி வரும்வரை. மயங்கி விழுந்தவர், தீக்காயம் பட்டவர், படபடப்பு உள்ளவர், கர்ப்பிணி, இவர்களெல்லாம் 'இப்ப பரவாயில்லை' என்று சொன்னாலும் டாக்டரிடம் போய் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நானும் போனேன், மனைவியின் திட்டு தாங்காமல்.

பழைய டியூப்லைட்டையும் சிஎஃப்எல்லையும் குப்பையில் போடலாமா?

இரண்டிலும் பாதரசம் இருக்கிறது, போடாதீர்கள். பெரிய சூப்பர்மார்க்கெட் வாசலில் பழைய குளோப்புக்கும் பேட்டரிக்கும் பெட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள், பிறகு அட்டையால் வழித்து எடுங்கள், வேக்யூம் போடாதீர்கள்.

தம்பி, எனக்கு 71 வயசு, ஏணி ஏற முடியாது. பேரன் 16 வயசு, கெட்டிக்காரன், யூடியூபில் பார்த்திருக்கிறானாம். அவனை வைத்துச் செய்யலாமா?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு ஆயா கேட்டது. வேண்டாம் ஆயா, இந்த ஒரு வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பதிவு அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பையன் கீழே நின்று ஏணியைப் பிடிக்கட்டும். அவர் ஏறினதும் முதலில் பையிலிருந்து எதை எடுக்கிறார் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரா, டெஸ்டரை எடுத்தாரா என்று அவன் வந்து என்னிடம் சொல்லட்டும்.